கணக்கில் வராத பாரம்

எடைமேடை பொய் சொல்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். விமானத்தின் இரண்டு சக்கரங்களுக்கும் வாலுக்கும் அடியில் ஒவ்வொன்றாக மூன்று மேடைகள். மூன்றையும் கூட்டினால், அவள் போட்டு வைத்திருந்த கணக்கைவிட ஓர் ஆளின் எடை அதிகம் வந்தது. மேடைகளை இடம் மாற்றி வைத்தாள். தானே ஏறி நின்று பார்த்தாள். அவளுடைய எடையைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் சரியாகச் சொல்லின. விமானத்தை ஏற்றினால் மட்டும் மறுபடி அதே கூடுதல்.

துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கி, அவளும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு மீட்ட பழைய விமானம் அது. முன்னும் பின்னுமாக இருவர் உட்காரலாம். அவள் மெக்கானிக், அவன் பைலட். நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் வருகிறார். எடை ஒத்துப்போகாவிட்டால் பறக்க அனுமதி கிடையாது. அனுமதி கிடக்கட்டும். எங்கிருக்கிறதென்று தெரியாத பாரத்தோடு மேலே போனால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கல்லாக விழும். உள்ளே இருக்கப்போவது அவன்.

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. இறக்கைத் துணிக்குப் பூசிய வார்னிஷின் நெடிக்கு அடியில், ஆற்றுச் சேற்றைக் கிளறியதுபோல இன்னொரு வாடை வந்தது. அதைத் தேடி அவள் விமானத்தின் வயிற்றுத் தகட்டைக் கழற்றி, எலிக்கூடோ தேங்கிய தண்ணீரோ மறந்துபோன ஸ்பேனரோ அகப்படாதா என்று டார்ச் அடித்து, தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஒரு திருகாணிகூடக் கிடைக்காமல், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சமென்று வெளியே வந்தாள். ஆத்திரத்தில் டார்ச்சைத் தூக்கி எறிந்தாள். அது உருண்டு நின்ற பிறகும் எங்கோ பிரம்பு நெரியும் சத்தம் கேட்டது.

பின்சீட் பிரம்பில் பின்னியது. காலியாகத்தான் இருந்தது.

அவளுடைய சிடுசிடுப்பை இறக்கி வைத்தாலே பாதி எடை குறையும் என்று தம்பி கிண்டல் செய்தான்.

"பின்னாடி யாராச்சும் டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்காங்களோ என்னமோ," என்றான்.

"பேசாம அந்த சீட்டைக் கழட்டு."

கழற்றித் தரையில் வைத்தார்கள். சீட்டின் எடை குறைந்தது. கூடுதல் குறையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் மேடையில் எண் மெல்ல இறங்கியது. சக்கர மேடைகளில் ஏறியது. விமானத்தை யாரும் தொடவில்லை. பாரம் முன்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஈரம், என்று சொல்லிக்கொண்டாள். மேடைகளின் வயரில் ஈரம் இறங்கியிருக்கும். வேறென்ன.

"நீ ஏறி உக்காரு. பைலட்டோட ஒரு தடவை பாத்துடலாம்."

அவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் தயங்கினான். "உள்ள ஒரு மாதிரி சில்லுன்னு இருக்குக்கா."

"உக்காருடா. என் உயிரை வாங்காதே."

உட்கார்ந்தான். எண்கள் ஏறின. அவள் கூட்டி முடிப்பதற்குள் தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கிவிட்டான்.

அவள் மேடைகளைப் பார்த்தாள். கூட்டினாள். மறுபடி கூட்டினாள். கழற்றி வைத்த சீட்டையும் சேர்த்தால், கிலோ பிசகாமல் அவளுடைய கணக்கு. காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"பாத்தியா? நான் உக்காந்ததும் சரியாயிடுச்சு," என்றான் தம்பி. குரல் களைத்திருந்தது. தோள் விண்விண்ணென்று வலிக்கிறதாம், வீட்டுக்குப் போகிறானாம்.

வாசல்வரை வந்து நின்றாள். கொட்டுகிற மழையில் அவன் ஓடவில்லை. முதுகை வளைத்து, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துப் போனான். சேற்றில் அவன் கால்கள் ஆழமாகப் புதைந்தன.

பைக்கில் உட்கார்ந்தான். பின்சக்கர ஸ்பிரிங் அமுங்கியது.

பிறகு இன்னொரு தடவை அமுங்கியது.

கூப்பிட்டாள். தகரத்து மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பின்னால் உட்காருபவருக்கான ஃபுட்ரெஸ்ட்கள் மடங்கியிருந்தன. இடதுபக்கம் விரிந்தது. வலதுபக்கம் விரிந்தது.

பைக் நகர்ந்தது. தம்பியின் நனைந்த சட்டை, இடுப்பின் இரண்டு பக்கமும் கொத்தாகச் சுருங்கி, இறுகியது.