ஏழாம் கட்டில் விளையாட்டு

வெல்டரை நான்தான் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தீக்காய வார்டு எங்கள் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், நீளமான நடையின் கடைசியில் இருக்கிறது. பழைய கட்டடம், எட்டாத கூரை, மேல்பாதியில் மங்கல் கண்ணாடி போட்ட கதவு. களிம்பு வாடைக்கு ஈ கூட எட்டிப் பார்க்காது. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் மட்டும் வழியெல்லாம் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது.

பட்டறையில் சிலிண்டர் வெடித்து முகமும் இரண்டு கையும் வெந்துபோன ஆள். கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கைகள் இரண்டும் வெள்ளைத் துணிப் பந்துகளாக இருந்தன. ஏழாம் கட்டிலில் மாற்றிப் போட்டபோது அவர் முனகவே இல்லை.

மறுநாள் அவர் கேட்ட முதல் விஷயம் மருந்தோ தண்ணீரோ இல்லை. போன்.

போன் வைத்திருக்கும் நோயாளியை நான் நம்புவதில்லை. படம் பிடித்து நம்மை மாட்டிவிடுவான். ஆனால் இந்த ஆளுக்குப் படம் பிடிக்கக் கையும் இல்லை, பார்க்கக் கண்ணும் இல்லை. அந்த வார்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். அவர் சம்சாரம் காலையில் பத்து நிமிஷம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போவார். போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் அவர்தான்.

"அண்ணே, அதுல வீடு படம் போட்ட விளையாட்டு ஒண்ணு இருக்கும். தொடுங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார் வெல்டர்.

தொட்டேன். பனிமூட்டம். குன்றுமேல் சின்ன வீடு. தூரத்தில் ஒரு ஆள் விறகுக்கட்டைச் சுமந்துகொண்டு மெதுவாக வருகிறார். நாம் விளக்கைத் தொட்டால் எரியும். கதவைத் தொட்டால் திறக்கும். அவர் உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்காருவார். சின்னதாக ஒரு பாட்டு வரும். அவ்வளவுதான் விளையாட்டு.

வீட்டுக்கு வருகிறவனுக்குக் கதவைத் திறப்பது ஒரு விளையாட்டா, என் வீட்டில் எனக்கே அதை யாரும் செய்வதில்லை என்றேன். வெல்டர் சிரித்தார். சிரித்தால் தோல் இழுக்கும், வலிக்கும். ஆனாலும் சிரித்தார்.

"ஒரு நாள் தெறக்காம விட்டா அந்த ஆளு வெளியவே நிப்பாருண்ணே. சாகவும் மாட்டாரு, திரும்பிப் போகவும் மாட்டாரு. அதான் பாவம்."

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு, என் முறை முடிந்ததும், ஏழாம் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். பார்ப்பதைச் சொல்வேன். இன்று பனி அதிகம் தம்பி, ஆள் ஒரு காலைச் சாய்த்து நடக்கிறார் தம்பி என்று. அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். பாட்டு வந்ததும் அவர் தோள் தளரும். எட்டு நாள் இப்படிப் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் சீட்டுச் சுமக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டினால் என் பெயர் வரும், பஸ் பலகை வரும். அதற்குமேல் எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான். ஆனால் யாருக்கும் தெரியாது. எங்கள் சீட்டுகளுக்கு நிறம் உண்டு. மஞ்சள் லேபுக்கு, நீலம் எக்ஸ்ரேவுக்கு, வெள்ளை மருந்துக்கு. சிவப்பு அவசரம். எது கிடந்தாலும் சிவப்பை முதலில் முடி என்பார்கள். நிறத்தை வைத்தே பிழைத்துவிட்டேன். சிஸ்டர் ஏதாவது படிக்கச் சொன்னால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

ஒன்பதாம் நாள், ஆள் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். நான் விரலை நீட்டினேன். அதற்குள் படத்துக்கு மேலே ஒரு கட்டம் வந்து விழுந்தது. அதில் நிறைய எழுத்து. என் பாஷை எழுத்துகூட இல்லை. கீழே இரண்டு பொத்தான். ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு.

"என்னண்ணே, சத்தத்தைக் காணோம்?"

ஏதோ எழுதியிருக்கு தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாசலில் சிஸ்டர் இருந்தார், கேட்டிருக்கலாம். நான் சிவப்பைத் தொட்டேன்.

வீடு போய்விட்டது. பனி போய்விட்டது. தேடிப் பார்த்தேன், அந்தச் சின்ன வீட்டுப் படமே போனில் இல்லை. கடைசியாக நான் பார்த்தது அந்த ஆள் கதவுக்கு வெளியே, விறகோடு நின்றதை.

"தெறந்துட்டேன் தம்பி. உள்ள வந்துட்டாரு" என்றேன்.

பாட்டு வரலையே என்றார். சிஸ்டர் திட்டுகிறார், சத்தத்தைக் குறைத்துவிட்டேன் என்றேன். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்த பொய் வரிசையில் நிற்கும். அதற்குப் பிறகு பதினோரு நாள், விளையாட்டு இல்லாத போனைக் கையில் பிடித்துக்கொண்டு கதை கட்டினேன். ஆள் வருகிறார், கதவைத் திறக்கிறேன், அடுப்பு எரிகிறது. வெல்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆனால் அவர் தோள் தளரவே இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு நான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே. கதவு?"

"தெறந்துதான் இருக்கு தம்பி."



"அப்பறம் ஏண்ணே இப்படிக் குளிருது?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

இரண்டு வாரம் கழித்து, இறப்புச் சான்றிதழ் வாங்க அவர் சம்சாரம் வந்தார். என்னைத் தேடிப் பிடித்து நடையில் நிறுத்தினார். கையில் அந்தப் போன். தினமும் எனக்காகக் கதவு தெறக்கிற அண்ணன் என்று என்னைப் பற்றி வெல்டர் சிஸ்டர் மூலமாகச் சொல்லியனுப்புவாராம். வீட்டில் எல்லாரும் தேடியும் போனில் அந்த விளையாட்டு கிடைக்கவில்லையாம்.

"ஒரே ஒரு தடவை பாக்கணும் ஐயா. கடைசி வரைக்கும் அவரு கேட்டது எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

இந்தக் காலத்துப் போன் தானாக எதையாவது அழித்துவிடும் அம்மா, நம்ப முடியாது என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்மேல் கிடக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு துணிக்கிடங்கில் கூடுவோம். லிஃப்ட்காரர், பெரிய சிஸ்டர், லேப் பொண்ணு, நான். அந்த வாரம் அவரவர் போனில் என்ன விளையாட்டு விளையாடினார்கள், எப்படி இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னவர் அன்று டம்ளர் கழுவ வேண்டாம். எந்த விளையாட்டும் தெரியாத ஒரே ஆள் நான் என்பதால் நான்தான் நடுவர். கழுதைக்குக் கச்சேரி நடுவர் வேலை என்பார் லிஃப்ட்காரர்.

அந்தச் சனிக்கிழமை அவர்தான் முதலில் ஆரம்பித்தார். லாரி ஓட்டுகிற விளையாட்டு. மலைப்பாதை, மழை, வளைவு எல்லாம் பிரமாதம், ஆனால் ஒரு மைல்கல் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான், எத்தனை தடவை போனாலும் அதே ஆள், கையில் வெள்ளையாக உறை மாட்டியிருக்கிறான் என்றார். வீட்டுச் சண்டைக்குப் பயந்து லாரி ஏறினால் ரோட்டிலும் ஆள் நிற்கிறதா என்று லேப் பொண்ணு கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பெரிய சிஸ்டருடையது ஜோடிப் படம் சேர்க்கிற விளையாட்டு. பழம், பூ, பறவை என்று வரும். இந்த வாரம் புதிதாக ஒரு படம் வருகிறதாம், அதற்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லையாம். என்ன படம் என்று கேட்டேன். துணி சுற்றின கை மாதிரி இருக்கு என்றார்.

என் டம்ளரில் டீ ஆறிப்போயிருந்தது.

லேப் பொண்ணு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். போனில்தான். வாடிக்கையாளர் வந்தால் தலைக்கு மேல் ஒரு கோடு இருக்கும். காக்க வைத்தால் கோடு குறையும், முழுசாகக் குறைந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது ஒருவர் வருகிறார், ஆனால் உள்ளே வருவதில்லை, கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றாள்.

"அவரு கோடு மட்டும் கொறையவே இல்ல, ஐயா. எத்தன நாளானாலும் நிப்பாரு போல. மொகம் தெரியல. பாத்தா பாவமா இருக்கு."

அன்று யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. டம்ளர்களை நானே கழுவினேன்.

அடுத்த வாரம் தீக்காய வார்டை வெள்ளையடிக்கக் காலி செய்தார்கள். கட்டில்களுக்கு உறை போடும் வேலை எனக்கு வந்தது. சுண்ணாம்புத் தூசு வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்தியிருந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். நடையில் ஆட்கள் போய்வரும் சத்தம், எங்கோ தள்ளுவண்டிச் சத்தம். ஏழாம் கட்டிலுக்கு உறையை விரித்தபோது அந்தச் சத்தங்கள் நின்றன.

களிம்பு வாடை வந்தது. நோயாளி யாரும் இல்லாத காலி அறை அது.

தொப்.

கதவில்.

தொப். தொப்.

விரல் முட்டி தட்டுகிற சத்தம் இல்லை. துணியில் சுற்றிய எதையோ கதவில் வைத்து அழுத்துவதுபோல மெத்தென்ற சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு.

மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நெஞ்சு உயரத்தில், இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன.

அவை அவசரப்படவில்லை.

கால் நகரவில்லை எனக்கு. வாய்தான் நகர்ந்தது. மூடின கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. செவப்புன்னா அவசரம்னு நெனச்சு அமுக்கிட்டேன். விளையாட்டு அன்னிக்கே போயிடுச்சு. பதினோரு நாளும் பொய்தான் சொன்னேன். அந்த ஆளு வெளியதான் நிக்கிறாரு."

தட்டல் நின்றது. நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன்.

நடை காலியாக இருந்தது. கடைசி வரை வெயில். ஆனால் கதவு திறந்த அந்த நொடியில், ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர் என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. திரும்பிப் பார்த்தேன். ஏழாம் கட்டிலில் நான் இழுத்து விரித்த உறை, நடுவில் மெதுவாக அமுங்கியது.

எங்கோ சின்னதாக அந்தப் பாட்டு கேட்டது. உடனே நின்றுவிட்டது.

தீர்ந்தது என்று நினைத்தேன். அவரிடமே சொல்லியாகிவிட்டது, இனி அந்த அம்மாவிடம் எதற்கு, சிஸ்டரிடம் எதற்கு என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். செத்தவரிடம் உண்மை சொல்வது சுலபம். உயிரோடு இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் பாதையில் ஆள் இல்லையாம். சிஸ்டருக்கு அந்தப் படம் வருவதில்லையாம். எனக்கு மூச்சு இளகியது. அப்போது லேப் பொண்ணு சொன்னாள், கடைக்கு வெளியே நின்றவர் ஒருவழியாக உள்ளே வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிட்டார், ஆனால் வெளியே இப்போது வேறு ஒருவர் நிற்கிறார் என்று.

"வயசானவரு. காக்கிச் சட்ட. கையில கலர் கலரா சீட்டு வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. தலகீழா வேற புடிச்சிருக்காரு. பாவம், படிக்கத் தெரியாது போல."

யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரர் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் என் மடியில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். சீட்டுகளை எடுத்து நேராகத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனார். முப்பத்தோரு வருஷம் காப்பாற்றியது அந்த ஒரு திருப்பலில் போனது. தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வெல்டர் வீட்டைத் தேடிப் போனேன். மாடி வீடு, பச்சைக் கதவு. உள்ளே அந்த அம்மா யாருடனோ பேசும் குரல் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியதை மனசில் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

தொப்.

முட்டி மடக்கி மறுபடி தட்டினேன். மரத்தில் என் எலும்பு படுவது எனக்கு வலித்தது. சத்தம் மட்டும் துணிச் சத்தம்.

தொப். தொப்.

கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றேன். பல் கிட்டுகிற குளிர். கதவு திறக்கவில்லை.

இதுவரைக்கும் நாலு தடவை போய்விட்டேன். அதனால்தான் லேப் பொண்ணைத் துணிக்கிடங்கில் உட்காரவைத்து, எனக்குப் படிக்கத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லி, இதையெல்லாம் எழுதச் சொன்னேன். கதவிடுக்கில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா, நீங்கள் இதைப் படித்தால் கதவைத் திறங்கள். திட்டுவதற்காகவாவது திறங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிஷம் தட்டாம இருங்க. எழுத்து ஆடுது."

என் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

அதையும் எழுதிக்கொள் என்றேன்.