நாலாவது சிலிண்டர்

சைலன்சர் குழாயின் வாயில் பிடித்த துணியை அது உள்ளே இழுத்தது.

பழைய கார்களில் வால்வு கருகியிருந்தால், புகையைத் தள்ள வேண்டிய குழாய் நடுநடுவே கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக் துணியைப் பிடித்ததே. ஆனால் உறிஞ்சுவது வேறு, பிடுங்குவது வேறு. முழங்கை நீளத் துணி, நுனிகூடத் தெரியாமல் போய்விட்டது. அவன் உள்ளங்கையில் வட்டமாகத் தோல் உரிந்து எரிந்தது.

"என்ன மச்சான், துணியைத் தின்னுடுச்சா? ரொம்ப நாள் பட்டினி போல," என்றான் டிரைவர் சீட்டில் இருந்த மாப்பிள்ளை.

தங்கையின் புருஷன். இந்த வாயாடிக்கா என் தங்கை என்று கல்யாணத்தின்போது வீட்டில் சண்டை போட்டவன்தான் மெக்கானிக். இப்போதோ மாப்பிள்ளை எட்டிப் பார்க்காத நாளில் ஷெட்டே வெறிச்சென்று கிடக்கிறது. யாரோ கழித்துக்கட்டிய இந்தக் காரைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, மச்சான் கை பட்டால் பறக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தான் அந்த ஆள்.

வெளியே மழை. பாதி இறக்கிய ஷட்டர், பானட்டுக்கு அடியில் தொங்கிய ஒற்றை விளக்கு, ஈர சிமெண்டு வாடையோடு கலந்த அரைகுறையாய் எரிந்த பெட்ரோல் நெடி. நடுவே எஞ்சின் மூன்று துடிப்பும் ஓர் இடைவெளியுமாக நொண்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸிங். தூக்கி நிறுத்திய பானட் மாப்பிள்ளையை முழுக்க மறைக்க, மெக்கானிக் பிளக் வயர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். முதல் வயரைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவது, மூன்றாவதுக்கும் அப்படியே. நாலாவதைக் கழற்றியபோது எந்த வித்தியாசமும் இல்லை. செத்துக் கிடந்தது அந்த நாலாவது சிலிண்டர்தான்.

நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். கண்ணை மூடினால்தான் அவனுக்கு எஞ்சின் சத்தம் பிடிபடும். வால்வு தட்ட வேண்டிய இடத்தில் மூச்சு கேட்டது. உள்ளே இழுத்துக்கொண்டே போகிற, ஒருமுறைகூட வெளியே விடாத மூச்சு.

"கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க மாப்பிள்ளை."

"குடுத்துட்டுதான் இருக்கேன். மச்சான், கால் வர மாட்டேங்குது."

"விளையாடாதீங்க."

"இல்ல மச்சான், கீழ என்னமோ காலைப் பிடிச்சு..."

எஞ்சின் அலறியது. அதற்குள்ளே இன்னோர் அலறல். பச்சை மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். மறுபடியும். ஹாரன் நீளமாக அடித்து நின்றது. மெக்கானிக் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் தணிந்துவிட்டது. எஞ்சினில் இப்போது நாலு துடிப்பு. பிசிறே இல்லை.

கதவைத் திறந்தான். சீட் காலி. பெல்ட் பூட்டியபடி கிடந்தது. பெடல்கள் மேல் இரண்டு செருப்பு. அதற்கு மேலே, எஞ்சினுக்குக் கேபிள் போகிற துளை. கட்டைவிரல்தான் நுழையும். அதன் விளிம்பில் சட்டைக் கிழிசல், முடி, சதை. சொட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சினை நிறுத்தச் சாவியை நோக்கிக் கை போனபோது முன்பக்கம் இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினான். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினான். கண் தானாக மூடியது.

"மச்சான்." உள்ளேயிருந்து, மெல்லிசாக. "நிறுத்திடாதீங்க. இது ஓடுற வரைக்கும்தான் நான்."

அவனுக்கு அழுகை வந்தது. "இருங்க மாப்பிள்ளை. மூடியைக் கழட்டி எடுத்துடறேன்." சொல்லும்போதே தெரிந்தது, ஓடுகிற எஞ்சினின் மூடியைக் கழற்ற முடியாது.

"ஆளில்லாம எதுக்குண்ணா இது ஓடிட்டிருக்கு? அவரு எங்க?"

டிரைவர் கதவுப் பக்கம் தங்கையின் குரல். புருஷனைத் தேடி வந்திருக்கிறாள். கண்ணைத் திறந்தான். எதிரே பானட்.

"தொடாதே!"

அவள் சாவியைத் திருப்பிவிட்டாள். எஞ்சின் நின்றது.

காதில் ஒரு தட்டல். இன்னொன்று, மெதுவாக. பிறகு எதுவும் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணு," என்று கத்தினான். "உள்ள உட்கார்ந்து மிதி. சீக்கிரம்மா."

"என்னண்ணா ஆச்சு?"

"மிதி!"

அவள் உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமிப் பிடித்தது.

மூன்று துடிப்பு. ஓர் இடைவெளி.

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

"அண்ணா, கீழ ஒரே ஈரமா இருக்கு. காலை என்னமோ..."

வெறுங்கையால் வயர்களைப் பிய்த்தான். ஷாக் தோள்வரை அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. எஞ்சின் நிற்கவில்லை. மட்டை முறிகிற அதே சத்தம். ஹாரன்.

பிறகு நாலு துடிப்பு. சுத்தமாக, சீராக.

அறுந்த நாலு வயரும் கையில் தொங்க, கண்ணாடி வழியே பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. இரும்புக்குள்ளிருந்து "அண்ணா, அண்ணா" என்று தட்டிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் முள் காலி என்ற கோட்டைத் தொட்டிருந்தது.