அண்ணியின் தோல்

காஜா பெராங் ஊரில் உச்சிவெயில் தகரக் கூரையைப் பழுக்கக் காய்ச்ச, டெட்டாலும் சாம்பிராணியும் கலந்த வாடை அறைக்குள் தேங்கிக் கிடக்க, கட்டிலில் கிடந்த ருக்மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. ஆனால் இடது கணுக்காலுக்கு மேலே ஒட்டுப்போட்ட நாலு விரல் அகலத் தோல் மட்டும், மார்கழிக் குளிரில் நிற்பதுபோலப் புல்லரித்திருந்தது.

அது அவளுடைய தோல் இல்லை.

சொந்த ரத்தமே மூட்டுகளை அரிக்கிற நோய் அவளுக்கு. கார்டிசோன் மாத்திரைதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதுவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தின்றுவிட்டது. காலில் வெந்நீர் கொட்டிய புண், மெர்டேக்கா சுதந்திர நாள் கொண்டாட்டம் வந்துபோன பிறகும் ஆறவில்லை. பாவம், அவள் தோலும் வெங்காயச் சருகாகிவிட்டதால் அதை எடுத்து ஒட்டவும் வழியில்லை.

"அடுத்தவங்க தோலுன்னா கொஞ்ச நாள்ல கழண்டு விழுந்துடும்மா. உங்க உடம்புக்கு வந்ததை விரட்டுற தெம்பு இல்ல. அதனாலயே நின்னாலும் நிக்கும். நிக்கலன்னா, காலை எடுக்கணும்," என்றார் டாக்டர் சேதுபதி.

தொடைத் தோலைக் கொடுத்தவள் புருஷன் தம்பிராஜாவின் அக்கா பாக்கியலட்சுமி, ருக்மணிக்கு அண்ணி. "எனக்கு எருமைத் தோலுடி. தாராளமா எடுத்துக்கோ," என்று சிரித்தாள். யாராவது திடுமென்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அண்ணிக்குக் கைகாலெல்லாம் புல்லரித்துவிடும். அதை வைத்தே வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள்.

ஒட்டு நின்றது. அண்ணி நிற்கவில்லை. மூன்றாம் வாரம் சந்தைக்குப் போனவளை லாரி அடித்துவிட்டது. எரித்தார்கள்.

நாலு விரல் அகலம் தவிர.

இன்று பதினாறாம் நாள். பின்வாசலில் இலை போட்டுப் படைத்திருந்தார்கள். தம்பிராஜா காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பாக்கியலட்சுமி அக்கா! வந்து சாப்புட்டுப் போக்கா!"

ஒரு காக்கைகூட இலைக்கு இறங்கவில்லை.

"குழம்புல உப்பு கம்மின்னு கோவிச்சிருப்பா. விடாம கூப்புடுப்பா," என்றார் பக்கத்து வீட்டு அப்பாசாமி.

காக்கைகள் வேலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ருக்மணியின் ஜன்னலைப் பார்த்தபடி.

"அக்கா!"

புல்லரிப்பு தையல் கோட்டைத் தாண்டியது.

"என்னங்க!" ருக்மணி அலறினாள். தம்பிராஜா ஈர வேட்டியோடு ஓடிவந்தான்.

"கூப்புடாதீங்க. அண்ணி வெளிய இல்ல."

"என்ன புள்ள உளர்றே?"

"கூப்புட்டுத்தான் ஆகணும்னா என் பேரச் சொல்லிக் கூப்புடுங்க. ஒரே ஒரு தடவ. நான் போயிடாம இருக்கணும்."

ஒன்பது வருடக் குடித்தனத்தில் அவன் அவள் பேரைச் சொன்னதே இல்லை. புள்ள. இந்தா. அவ்வளவுதான். வெளியே ஆட்கள் நிற்கிறார்களே என்று கூச்சத்தோடு சிரித்தான்.

"படுத்திரு புள்ள. அக்கா வந்துட்டுப் போயிரட்டும்."

போய்விட்டான்.

"அக்கா!"

முழங்கால்.

"வாக்கா!"

தொடை. வயிறு. விரட்டத் தெரியாத உடம்பு. ருக்மணி, ருக்மணி என்று தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தமில்லை.

கழுத்து.

"பாக்கியலட்சுமி அக்கா!"

மாதக்கணக்கில் அசையாத இடது கால் கட்டிலைவிட்டு இறங்கியது. தரையில் ஊன்றியது. அவளை இழுத்துக்கொண்டு, பின்வாசல் பக்கம் ஓர் அடி வைத்தது.

வேலியில் இருந்த காக்கைகள் ஒவ்வொன்றாக இலைக்கு இறங்கின.