சாக்கு சுற்றிய செங்கல்

காலை ஆறரை. சிதம்பரம் மேலவீதியில் மங்கலத்தின் தள்ளுவண்டி நிற்கும் இடத்தில் வண்டி இல்லை. சாக்கு சுற்றிய ஒரு செங்கல் இருந்தது.

இடுப்பிலிருந்த கொய்யாக் கூடையை இறக்காமலே மங்கலம் நின்றாள். பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க வருகிறார்கள். வண்டியோடு நிற்பவருக்கே வியாபாரி அட்டை. அட்டை இல்லாதவர் இனி வீதியில் நிற்க முடியாது.

ஏழு மணிக்குப் போலீஸ் ஏட்டம்மா பவானி வந்தாள். ஸ்டூல் போட்டும் உட்காரவில்லை.

"வண்டியைப் பூட்டியிருந்த சங்கிலி?"

"அறுத்திருக்காங்க."

"யார் மேல சந்தேகம்?"

மங்கலம் பக்கத்துத் தர்பூசணிக் கடையைப் பார்த்தாள். ராமாமிர்தம் கத்தியைக் கீழே வைத்தார்.

"எம்மேலயா? அவ எடம் வேணும்னா பழத்தைக் கொஞ்சம் தள்ளி அடுக்கினா போதும். இந்த வயித்தை வெச்சிக்கிட்டு வண்டியைத் தள்ளிட்டு எங்க ஓடுறது?"

பின்னாலிருந்த பாத்திரக்கடை இளவரசு படியிலிருந்தே சொன்னார். "வண்டி போனதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா எடுத்தது நான் இல்ல. இந்தக் கல்லையும் எடுக்கச் சொல்லுங்க, வாசலை மறைக்குது."

"நீங்களே எடுக்குறதுதானே?"

"அடுத்தவங்க கல்லைத் தொட்டா வீதியே சண்டைக்கு வரும்."

கல் கிடந்தால் இடம் பிடித்தாகிவிட்டது, போட்டவர் திரும்பி வருவார் என்று அர்த்தம். மேலவீதி வழக்கம் அது.

"கல்லு யாருது?"

"பக்கத்துக்கடை அண்ணன் எனக்காகப் போட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் மங்கலம்.

"நீ போட்டதுன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார் ராமாமிர்தம்.

பவானி வீதிமுனை வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். சைக்கிள்கள் கல்லைச் சுற்றிப் போயின. இடம் தேடி வந்த கீரைக்காரி, "யாரு கல்லு இது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். பூக்காரியும் அப்படியே.

ஒன்பதே முக்கால். மங்கலத்தின் கொழுந்தன் மணவாளன் புவனகிரியிலிருந்து மினி லாரியில் வந்து புதுத் தள்ளுவண்டி ஒன்றை இறக்கினான். கூடவே அவன் மனைவி மாலதி.

"கேள்விப்பட்டதும் ஓடியாந்தேன் அண்ணி. எடம் போயிடக் கூடாதில்ல? இன்னிக்கி மாலதி நிக்கட்டும்."

காலால் கல்லை ஓரம் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தினான்.

பவானியின் நடை நின்றது.

"கல்லு யாருதுன்னு நீ ஒருத்தன்தான் கேக்கல மணவாளா."

"அவசரத்துல..."

"இளவரசுக்கு எடம் காலியாவணும், கல்லு எதுக்கு? ராமாமிர்தத்துக்குக் கைக்கெட்டுற எடம், அவருக்கும் வேணாம். தூரத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் கல்லு வேணும். வண்டியைத் திருடிட்டே. எடத்தை வேற எவனாச்சும் புடிச்சிடுவானோன்னு பயந்துட்டே."

மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீதிமுனையில் கணக்கெடுப்பவர்கள் தெரிந்தார்கள். மங்கலம் கூடையைத் தூக்கிவந்து, அவன் கொண்டுவந்த வண்டிக்குப் பின்னால் தானே நின்று கொய்யாவை அடுக்கத் தொடங்கினாள்.

"பாதி எடம் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா தம்பி?"