நாலு டிகிரியில் வாடிய மாலை

காலை மணி 7.05. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் பூ வைக்கும் குளிர்பெட்டியான சில்லருக்குள் கல்யாண மாலை வாடிக் கிடந்தது. நேற்று மொட்டாக இருந்த மல்லிகை அத்தனையும் விரிந்து, பழுத்து, தொங்கிப்போயிருந்தது. அடப்பாவமே! மணப்பெண் முதலாளி பக்கிரிசாமியின் மகள். முகூர்த்தம் பத்தரைக்கு.

சில்லர் மெக்கானிக் புஷ்பவல்லி மூச்சிரைக்க வந்தாள். பத்து வருடமாக அங்கே மாலை கட்டும் மாதவி உபசாரத்தில் குறைவைக்காதவள். சில்லரைத் திறந்து உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். புஷ்பவல்லி ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடினாள்.

"மெஷின்ல கோளாறா?" என்றார் பக்கிரிசாமி. "இல்லேன்னா இந்தத் தாமரை பழைய பூவைக் கட்டியிருக்கா. வேலை பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்."

மூலையில் தாமரை அழுதுகொண்டிருந்தாள். எட்டு மாதம் முன்பு தஞ்சாவூரிலிருந்து வந்தவள். மாலை அவள் கட்டியது. அவள் சம்பளத்தில்தான் ஊரில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

புஷ்பவல்லி சில்லரைச் சோதித்தாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாஸ். நேத்து கடையை யார் பூட்டினது?"

"நான்தான், ஒன்பதுக்கு," என்றாள் மாதவி. "தாமரை எட்டுக்கே போயிட்டா."

"காலையில திறந்தது?"

"நானேதான், ஆறுக்கு. சில்லரைத் தொடவே இல்ல. பூட்டும்போதும் மீட்டர்ல நாலு டிகிரி, திறக்கும்போதும் நாலு. இப்பவும் நாலுதான் லா!"

"இந்தப் பாட்டில் எப்ப வச்சது?"

"முந்தாநாளே."

"அப்புறம் ஏன் தண்ணி வெதுவெதுன்னு இருக்கு?"

புஷ்பவல்லி பாட்டிலைப் பக்கிரிசாமியின் கையில் கொடுத்தாள்.

"உள்ள வர்ற சூடும் மெஷின் வெளிய தள்ளுற சூடும் சமமா இருந்தாத்தான் நாலு டிகிரி அசையாம நிக்கும், பாஸ். ராத்திரி முழுக்க அப்படி நின்னிருந்தா தண்ணியும் நாலுக்கு வந்திருக்கும். மீட்டர் காட்டுறது காத்தோட குளிரைத்தான். காத்து அரை மணியில குளிரும், தண்ணிக்கு நேரமாகும். ராத்திரி சுவிட்சை அணைச்சு, காலையில கடை திறந்ததும் போட்டிருக்காங்க. பூட்டினதும் திறந்ததும் ஒரே ஆளு."

"ஆமா, நான்தான்!" மாதவி வெடித்தாள். "சில்லர் கதவையும் திறந்து வச்சேன்! உங்க மக பிறந்தநாளுக்கெல்லாம் நான் கட்டினேன். கல்யாணத்துக்கு மட்டும் நேத்து வந்தவளா? வயிறு எரியுது பாஸ், எரியுது!"

"வெளிய போ!"

"இருங்க பாஸ்." தாமரை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் லோரி புதுப் பூவை இறக்கிக்கொண்டிருந்தது. "பத்தரைக்குள்ள ஒத்தை ஆளா முடியாது."

நூல்கண்டை மாதவியின் கையில் வைத்தாள்.

"நான் சொல்ற மாதிரி கட்டுங்கக்கா."

மாதவி அவளை முறைத்தாள். பிறகு முதல் மொட்டை எடுத்து, தாமரை சொன்னபடியே கட்டினாள்.