மாடு கத்துதுங்க

கிறீச்...

தேவமலருக்கு உயிரே போய்விட்டது. கொட்டுகிற மழையில், மலாக்கா பக்கம் தங்கா பத்து செம்பனைத் தோட்டத்து மண் சாலையில், அவள் பசு செவலை நடுவழியில் மறித்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. அதன் வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கறுப்புக் கார்!

"ஹார்ன் அடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

இறங்கியவன் நனைந்தபடியே சிரித்தான். "சோரி லா அக்கா... மழையில தெரியல."

அக்காவா! முறைத்தாள். இமையில் மழை சொட்ட, திருதிருவென்று விழித்த பெரிய கண்கள்... சே, இதையா இப்போது பார்ப்பது? பார்வையைக் காருக்குள் திருப்பினாள். பின்சீட்டில், காளை விந்தை உறைய வைக்கிற நைட்ரஜன் கேன் ஒன்று, சமர்த்தாக சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறியது.

"பால்காரங்க சங்கத்துக்குப் புதுசா வந்த சினை ஊசிக்காரர் திவாகர் நீங்கதானா? போன வாரம் போன்ல 'மாடு கத்துதுங்க'ன்னேன். 'தீனி போடுங்க, சரியாயிடும்'னு சொன்னீங்களே... அந்தப் புண்ணியவான்?"

திவாகரின் சிரிப்பு நின்றது. "பசியில கத்துதுன்னு நெனச்சேன்ங்க..."

மாடு கத்துகிறது என்றால் காளைக்குக் கத்துகிறது. கன்று போட்ட மாடு மறுபடி சினைக்குத் தயார். தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகாத பெண் முன்பின் தெரியாத ஆம்பளையிடம் அதற்குமேல் எப்படி உடைத்துச் சொல்வாள்? மலாக்கா டவுனில் வளர்ந்த மகராசனுக்கு அது எட்டவில்லை. போன பருவம் போனதுதான். ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் நடுவே மூன்று வாரம்.

"கன்னு போட்டு மாசக்கணக்கா வாயே திறக்காம கெடந்து, இப்பதான் கத்துச்சு. அடுத்த தடவையும் சினை நிக்கலேன்னா எங்கண்ணன் இதை அறுப்புக்கு லாரியில ஏத்திடுவாரு. ஹஜ்ஜுப் பெருநாள் வருது... தெரியுமா உங்களுக்கு?"

குரல் உடைந்துவிட்டது. தாய் செத்த செவலையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான்.

அவன் மாட்டைச் சுற்றி வந்தான். "விலா தெரியுது. கன்னு நாள் முழுக்க மடியிலயே கெடக்குதா? அப்படி விட்டா பருவம் தள்ளிப் போகும்ங்க. பிரிச்சுக் கட்டுங்க, தீவனத்தைக் கூட்டுங்க. அடுத்த தடவை எந்நேரமா இருந்தாலும் கூப்பிடுங்க... நான் வரேன்."

"எனக்கு மாடு வளக்கச் சொல்லித் தரீங்களா?"

விறுக்கென்று கயிற்றை இழுத்தாள். செவலை இப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்தது. ஆனால் வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகக் கன்றைத் தனியே கட்டினாள். ரோஷம் வேறு, செவலை வேறு.

அண்ணன் காந்தன் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறவன். ஆயர் குரோ தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியாயிற்று. முடிவாகச் சொல்லிவிட்டான். "சினையாச்சுன்னா வெச்சுக்க. நீயும் அம்மாவும் இங்கேயே இருந்து பால் வியாபாரம் பாருங்க. இல்லேன்னா லாரிதான், அப்புறம் எல்லாரும் தாமானுக்குக் கெளம்பறோம்."

ஒரு காலை, மழைக்கு நடுவே செவலை கத்தியது! பக்கத்து மாடு மேலே தாவியபோதும் அசையாமல் நின்றது. பருவம் வந்ததற்கு அதுதான் அடையாளம்.

"அந்தத் தீனிக்காரனையா கூப்பிடப் போற?" என்றான் காந்தன். வேறு ஊசிக்காரருக்கு போன் போட்டாள். ரோட்டில் தண்ணி ஏறிவிட்டது, முடியாது என்றார். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு திவாகரின் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ... மாடு..."

"கத்துதா? வரேன்."

வந்தான்... காரை மேட்டில் விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில், நைட்ரஜன் கேனைத் தோளில் சுமந்து. காந்தன் வாசலை மறித்தான். "சட்டுன்னு போட்டுட்டுக் கெளம்பு."

"இப்பப் போடக்கூடாதுண்ணே. காலையில கத்துனா சாயங்காலம்தான். அவசரப்பட்டா நிக்காது."

"போன தடவை தீனி போடச் சொன்ன ஆளு நீ. உன்னை நம்பணுமா?"

மழை தகரத்தில் கொட்டியது. தப்பு நடந்தால் செவலை இல்லை...

"அவர் சொல்றபடியே நடக்கட்டும்ணே." தன் குரல்தானா அது என்று அவளே திகைத்தாள்.

பகல் முழுக்கக் கொட்டகையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். அம்மா மங்களம் சோறு கொடுத்தனுப்பினாள்.

"தேங்க்ஸ் அக்கா..."

"இன்னொரு தடவை அக்கான்னா சோறு கெடையாது."

"அப்போ என்னன்னு கூப்பிடறதாம்?"

"தேவமலர்."

"மலர்..."

"தேவமலர்!"

பெரிய கண்கள் சிரித்தன. அவள் அவசரமாக மாட்டைப் பார்த்தாள்.

சாயங்காலம் ஊசி முடிந்தது. "மூணு வாரத்துல கத்தலேன்னா சினை நின்ன மாதிரி. கத்துச்சுன்னா... கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிப் போனான்.

அதற்கப்புறம்தான் நரகம். கத்தாதே செவலை, கத்தாதே... என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். கத்தாவிட்டால் அவன் வரமாட்டானே என்று மனசின் ஒரு மூலை முனகியது. ச்சீ, மாட்டின் உயிர் ஊசலாடும்போது என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் முடியும் அந்த நாளும் வந்தது. காந்தன் சொல்லி வைத்த லாரியும் வந்து உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்து மாடு செவலையிடம் நெருங்கியது. தேவமலர் மூச்சை அடக்கினாள். செவலை ஒரே முட்டு முட்டி அதை விரட்டிவிட்டு, சாவகாசமாகப் புல் தின்றது. கத்தவே இல்லை.

லாரி காலியாகத் திரும்பியது. "அந்தத் தீனிக்காரனுக்குச் சொல்லிடு," என்று காந்தன் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான்.

திவாகரின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கத்துதா?"

"இல்ல... கத்தல."

"அப்பாடா..." "அப்போ சினை பாக்க ரெண்டு மாசம் கழிச்சு வந்தாப் போதும்..."

"ஏங்க... மாடு கத்தினாத்தான் வருவீங்களா?"

சொல்லிவிட்டாள்! முகமெல்லாம் சூடேறியது. வாசலுக்கு வெளியே... பாம், பாம்!

ஓடினாள். மழைக்குள் கறுப்புக் கார்.

"ஹார்ன் அடிக்கத் தெரியும்ங்க," என்றான் திவாகர். "காலையிலேருந்து முக்குலதான் நிக்கிறேன். கத்திடுமோன்னு பயம். கத்தலேன்னா, உங்களைப் பாக்க என்ன சாக்கு சொல்லிட்டு வர்றதுன்னு அதைவிடப் பயம்... எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு தேவமலர்."

அவள் கேட்டை அகலத் திறந்தாள்.

"சாக்கு எதுக்கு? உள்ள வாங்க... சோறு ஆறிப்போகுது."