வானிலைப் பொத்தான்

“என் ப்ளகின் யாரையும் காட்டிக் கொடுக்கல. காட்டிக் கொடுத்தது எவனோ, அவனைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்.”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே அந்தப் பெண் சொன்னது இது. நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. இணையதளங்களுக்கு ப்ளகின் எழுதிப் பிழைக்கும் டெவலப்பர் அவள். கண் சிவந்திருந்தது; அழுது அல்ல, கோபத்தில்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவளைப் பேசவிட்டுக் காத்திருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர். வேலையை விட்ட பிறகு தனியாகத் துப்பறிகிறார். கீழ்த்தளத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் அவரை ‘அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவர் அண்ணி ஆகிவிட்டார். அந்தக் கொழுந்தன் இப்போது கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, யாரும் அழைக்காமலே சன்னல் ஓரமாக வந்து நின்றுகொண்டிருந்தார். வழக்கு என்று ஒன்று மாடி ஏறினால் அவருக்குக் கடையில் கால் தரிக்காது.

“ப்ளகின்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா” என்றார் அண்ணி.

டெவலப்பர் சொன்னாள். இணையதளம் நடத்த ஆயத்தமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. கட்டி முடித்த வீடு மாதிரி. அதில் இல்லாத வசதி வேண்டுமென்றால், வெளியே யாராவது எழுதிய சின்ன நிரலை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அதுதான் ப்ளகின். அவள் எழுதியது ஒரு செய்திப் படிவம். கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் காப்பகம் ஒன்றுக்காக எழுதினாள். உதவி கேட்கும் பெண் அதில் எழுதினால் செய்தி காப்பகத்துக்குப் போகும். ஆபத்து என்றால் தட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. தட்டினால் எழுதியதெல்லாம் அழிந்து வேறு பக்கம் திறந்துகொள்ளும். பதில் மடல் எதுவும் தானாகப் போகாது. அந்த வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை என்றாள். அடிக்கிறவன் கையில்தான் பாதி நேரம் அடிபடுகிறவளின் போனும் இருக்கும்.

போன வாரம் ஒரு பெண் அந்தப் படிவத்தில் எழுதினாள். நூலகத்தின் பின்வாசலில் நிற்கிறேன், வண்டி அனுப்புங்கள் என்று. வண்டி போனது. அதற்கு முன்பே புருஷன் போயிருந்தான். இப்போது அவள் வலது கையில் மாவுக்கட்டு. அவன் காவலில் இருக்கிறான். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தேன் என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவளுடைய போனை அங்கேயே தரையில் அடித்து நொறுக்கிவிட்டான்.

மறுநாளே காப்பகத் தளத்தைப் பராமரிப்பவன், டெவலப்பர் எழுதிய ப்ளகின்தான் செய்தியை வெளியே கசியவிட்டது என்று பொதுவில் எழுதிவிட்டான். ப்ளகின்கள் கிடைக்கும் பொதுப் பட்டியலிலிருந்து அவளுடையதைத் தூக்கிவிட்டார்கள். அதே படிவத்தை வைத்திருந்த மற்றக் காப்பகங்களும் பயந்து மூடிவிட்டன.

“என்னைத் திட்டட்டும். வாங்கிக்கறேன்” என்றாள். “ஆனா எத்தனை இடத்துல அந்தக் கதவு சாத்திக் கிடக்கு, தெரியுமா? உள்ள நுழைஞ்சு பார்க்கலாம்னா என்னை விடமாட்டேங்கறாங்க. நான் சுத்தமா எழுதறவ. என் ப்ளகினைக் கழட்டினா அது வச்ச அமைப்பு, மாத்தின எழுத்து, எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தான் வெளிய போகும். அடுத்தவங்க வீட்ல ஒரு குப்பை விடமாட்டேன். அப்படிப்பட்டவளப் பார்த்து அலட்சியம்னு எழுதறான்.”

அண்ணி கடைசி வாக்கியங்களை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

காப்பகம் வெளிப்பார்வைக்குச் சாதாரண வீடு. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவு. தலைவி அறுபது வயதைத் தொடுபவர்; குரலில் எப்போதும் ஒரு அதட்டல். டெவலப்பரைப் பற்றிப் பேச்செடுத்ததுமே அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்தோம், எங்கள் பெண்ணின் கையை உடைத்துவிட்டார்கள் என்றார். தளத்தைப் பராமரிப்பது அவருடைய சொந்தத் தம்பி. ஊரில் பாதிக் கடைகளின் தளங்கள் அவன் கையில்தான் இருக்கின்றன. அக்காவுக்காக இதைச் சும்மா பார்த்துக்கொடுக்கிறான்.

கொழுந்தனின் சந்தேகம் முழுக்க வண்டி ஓட்டுநர் மேல் இருந்தது. அவர் ஓட்டுநரைத் தனியே ஓரங்கட்டிக் குடைந்துவிட்டு, சுருங்கிய முகத்தோடு திரும்பினார். போகும் இடத்தைத் தலைவி வண்டி கிளம்பும்போதுதான் சொல்வாராம். புருஷனோ அதற்கு வெகுநேரம் முன்பே நூலகத்துக்குப் பின்னால் நின்றதை அங்குள்ள வாயிற்காவலர் பார்த்திருக்கிறார்.

அண்ணி தளத்தைத் திறந்து காட்டச் சொன்னார். மேலே, படிவம் இப்போது இயங்காது என்ற அறிவிப்பு. கீழே பெயர், செய்தி என்று கட்டங்கள். மின்னஞ்சல் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், ‘கட்டாயமில்லை’. அடியில் சிவப்பாக ஒரு பொத்தான்: ‘மூடு’.

“இதையும் மாத்தித் தொலைச்சிருக்காங்க” என்று தலைவி சலித்துக்கொண்டார். ‘மூடு’ என்று இருந்தால் எட்டிப் பார்க்கிறவனுக்கு எதையோ மறைக்கிறாள் என்று தோன்றும். அதனால் ஆரம்பத்திலேயே தளத்தின் அமைப்புக்குள் போய் அதை ‘வானிலை’ என்று தானே மாற்றி வைத்ததாகச் சொன்னார். மழை வருமா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொள்வானே. யாரிடமும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. எப்போது பழையபடி ஆனது என்று தெரியவில்லை. தன் தளத்தைத் தானே எத்தனை முறை பார்க்கப்போகிறார்? தம்பி படிவத்தை நிறுத்தியபோது கை பட்டிருக்கும் என்றார்.

தம்பி அங்கேயே இருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, அவசரப்படாத பேச்சு. அண்ணி கேட்டதற்குத் தெளிவாகவே பதில் சொன்னான்.

“நான் அதைத் தொடவே இல்லைங்க. அந்தம்மா போட்டுக் கொடுத்த நாள்லேர்ந்து ப்ளகின் அப்படியேதான் இருக்கு. அறிவிப்பு மட்டும் மேல ஒட்டினேன். சாட்சியாச்சே, கை வைப்பேனா?”

அண்ணி தலையாட்டினார். அடிபட்ட பெண்ணைப் பார்க்கலாமா என்று தலைவியிடம் கேட்டார்.

அவள் உள்ளறையில் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் வாசலிலேயே நின்றுகொண்டார். அண்ணி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மின்னஞ்சல் கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. அந்த முகவரி புருஷன் போட்டுக் கொடுத்தது, அவன் போனிலும் திறக்கும். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் செய்தியை எடுத்துக்கொள்ளவே இல்லையாம். திரும்பத் திரும்பச் சிவப்பாகக் காட்டியது. வேறு வழியில்லாமல் போட்டாள்.

“அடிக்கறப்போ அவன் ஏதாவது சொன்னானா?”

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“வாடிக்கையாளராமே நீ, வாடிக்கையாளராமேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சான். என்னை எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னும் புரியலக்கா.”

அறையை விட்டு வந்த அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் செருப்பை மாட்டும்போது வலதையும் இடதையும் மாற்றி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். கொழுந்தன் அதைச் சுட்டிக்காட்டத் துணியவில்லை. அண்ணி கோபத்தில் இருக்கிறார் என்பதற்கு அவர் கண்ட அடையாளங்களில் இதுவே மோசமானது.

அலுவலகம் திரும்பியதும் கொழுந்தனுக்கு ஒரு வேலை கொடுத்தார். தலைவியின் தம்பி பராமரிக்கும் கடைத் தளங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போய், சாமான் வாங்குகிறவர் போல ஒரு செய்தி அனுப்ப வேண்டும். கொழுந்தன் ஒரு மெத்தைக் கடையைத் தேர்ந்தெடுத்தார். தன் முதுகுவலியின் முழு வரலாற்றையும் எழுதி முடித்து, அனுப்பு என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பொத்தானைத் தட்டிவிட்டார். எழுதியதெல்லாம் மறைந்து வெறும் பக்கம் வந்தது. திட்டிக்கொண்டே சுருக்கமாக மறுபடி எழுதினார். மின்னஞ்சலை விட்டுவிடப் பார்த்தார், படிவம் விடவில்லை. அனுப்பிய சற்று நேரத்தில் பதில் மடல் வந்தது. அவர் அதைப் படித்துக் காட்டினார். அண்ணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“முதல்ல தட்டினீங்களே, அந்தப் பொத்தான்ல என்ன எழுதியிருக்கு?”

“மூடுன்னு இருக்கு அண்ணி. மெத்தைக் கடைக்கு எதுக்கு இப்படி ஒரு பொத்தானோ?”

“அதேதான் எனக்கும் தோணுது” என்றார் அண்ணி.

மறுநாள் காலை காப்பகத்தின் முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டெவலப்பரை உள்ளே விடத் தலைவிக்கு மனசில்லை; அண்ணி பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே தாழ்ப்பாள் திறந்தது. அடிபட்ட பெண் உள்ளறையிலேயே இருக்கட்டும் என்றார் தலைவி. அவளோ தானாக வந்து கதவருகே நின்றாள்.

அண்ணி குரலை உயர்த்தாமல் பேசினார். படிவத்தில் தானாகப் பதில் அனுப்பும் வசதியே கிடையாது என்கிறார் எழுதியவர். அது பொய்யாகவும் இருக்கலாம் என்பதால் அந்தப் பேச்சை முதலில் ஒதுக்கிவைத்ததாகச் சொன்னார். அடிபட்ட பெண்ணுக்கு மின்னஞ்சல் கட்டாயமாக இருந்தது. இப்போது தளத்தில் இருக்கும் படிவத்திலோ அது கட்டாயமில்லை. ஆக, அவள் நிரப்பியது இந்தப் படிவமே அல்ல.

“அவங்க பதட்டத்துல இருந்திருப்பாங்க” என்றான் தம்பி. “சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க.”

“இருக்கலாம். அப்போ பொத்தானைப் பார்ப்போம். உங்க அக்கா ‘வானிலை’ன்னு மாத்தி வச்சாங்க. இப்போ ‘மூடு’ன்னு இருக்கு. இது எப்படி ஆகும்னு எழுதினவங்ககிட்டயே கேட்போம்.”

டெவலப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொத்தானைத் தலைவி மாற்றியிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. “ப்ளகினைக் கழட்டி, மறுபடி புதுசாப் போட்டாத்தான் ஆகும்” என்றாள் மெதுவாக. “கழட்டும்போது மாத்தின எழுத்தெல்லாம் துடைஞ்சு போயிடும். புதுசாப் போட்டா நான் முதல்ல வச்ச எழுத்துதான் வரும். மூடு.”

“தொடவே இல்லைன்னு சொன்னீங்க” என்று அண்ணி தம்பியைப் பார்த்தார். “கழட்டியிருக்கீங்க. அந்த இடத்துல வேற ஒண்ணு இருந்திருக்கு. சம்பவத்துக்கு அப்புறம் அதை எடுத்துட்டு இவங்களோடதைத் திரும்ப மாட்டியிருக்கீங்க. பழி போடறதுக்கு வேணுமே.”

அது வெறும் ஊகம் என்றான் அவன். அப்படி ஒன்று இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டான்.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் போனை எடுத்து, மெத்தைக் கடையிலிருந்து வந்த மடலைப் படித்தார். “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே. நீங்கள் எங்களுக்கு அனுப்பிய செய்தி இதோ.” அதற்குக் கீழே அவருடைய முதுகுவலி, எழுதியது எழுதியபடி.

கதவருகே நின்றவள் நிலையைப் பற்றிக்கொண்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

“அவன் அடிக்கும்போது சொன்ன வார்த்தை இது” என்றார் அண்ணி. “இந்த வீட்டுக்கு உதவி கேட்டு எழுதறவளை யாரும் வாடிக்கையாளர்னு கூப்பிடமாட்டாங்க. கடைக்குத்தான் வாடிக்கையாளர். இவங்க எழுதின ப்ளகினை எடுத்து, மின்னஞ்சலைக் கட்டாயமாக்கி, பதில் மடலையும் சேர்த்து, உங்களோடதா ஊர்க் கடைகளுக்கெல்லாம் போட்டிருக்கீங்க. ஓடித் தப்பிக்கிற பொத்தானைக்கூட எடுக்கல. மெத்தைக் கடையிலேர்ந்து யாருங்க தப்பிச்சு ஓடப்போறாங்க?”

தம்பியின் பேச்சு அப்போதுதான் முதல்முறையாக அவசரப்பட்டது. எல்லாத் தளத்திலும் ஒரே ப்ளகின் இருந்தால் பராமரிக்கச் சுலபம். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அந்தப் பட்டியலில் அக்காவின் தளமும் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடுத்தவர் எழுதியதை எடுத்துக்கொள்ள உரிமத்திலேயே அனுமதி இருக்கிறது.

“எடுத்துக்கோ” என்றாள் டெவலப்பர். குரல் கிட்டத்தட்ட எழும்பவே இல்லை. “அதுக்குத்தான் நிரலை எல்லாருக்கும் திறந்து வச்சேன். ஆனா நான் எதை வைக்கலையோ, ஏன் வைக்கலைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? உன் சௌகரியத்துக்கு ஒரு வரி சேர்த்தே. அந்த வரிதான் அவன்கிட்ட போய், இவ எங்க நிக்கறான்னு சொல்லியிருக்கு. அப்புறம் அதைத் தெரிஞ்சுக்கிட்டே என் பேரை எழுதினே.”

அவன் அக்காவைப் பார்த்தான். சிறு வயதிலிருந்தே அவன் எந்தத் தப்புச் செய்தாலும் அந்த முகத்தில் மன்னிப்பு இருந்திருக்கும். தலைவி எழுந்தார். அடிப்பார் என்றே கொழுந்தன் நினைத்தார். அவர் தம்பியின் எதிரே போய், தளத்தின் கடவுச்சொல்லை இப்போதே இந்தப் பெண்ணிடம் கொடு என்றார். பொதுவில் எழுதிய அதே இடத்தில், நடந்ததை உன் பெயரிலேயே எழுது, நான் பக்கத்தில் நின்று படிப்பேன் என்றார். காவல் நிலையத்துக்கும் தானே கூட வருவதாகச் சொன்னார்.

“அக்கா, வேணும்னு பண்ணல.”

“வேணும்னு பண்ணலைன்னா அவ கை சேர்ந்துடுமா?” என்றார் தலைவி. “உட்கார்ந்து எழுதுடா.”

அவன் எழுதினான். இரண்டு முறை ‘தவறுதலாக’ என்ற சொல்லைச் சேர்க்கப் பார்த்தான். இரண்டு முறையும் தலைவி அதை அழிக்கச் சொன்னார். தலைவி டெவலப்பர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அவள் கையமர்த்திவிட்டாள். அவருடைய மன்னிப்பைக் காதில் வாங்கும் மனநிலை அவளுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வந்தது போல நடிக்கவும் அவளுக்கு இஷ்டமில்லை.

அடிபட்ட பெண் தம்பியைக் கடந்து, அவனை ஏறிட்டும் பார்க்காமல், டெவலப்பரிடம் வந்தாள்.

“அந்த ஃபார்ம் மறுபடி எப்போ வேலை செய்யும்?”

“ஏம்மா?”

“எங்க பக்கத்து வீட்ல ஒருத்தி இருக்கா. என்னை மாதிரிதான். நான் எழுதப்போறேன்னு அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். நீ இங்க பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்னு தெரிஞ்சா நானும் எழுதறேன்னு சொன்னா.”

டெவலப்பர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, தம்பி உட்கார்ந்திருந்த மேசையின் மறுபக்கத்தில் இடம் பிடித்தாள். அவளை வீட்டுக்குள் விட யோசித்த தலைவியே நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டார்.

“இன்னைக்கே” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.